சிங்கமா, பொம்மையா?

கே: மகளுக்கு 4 வயது நிறைகிறது. பிறந்தநாளுக்கு ‘லயன் கிங்’ நாடகம் கூட்டிப் போகலாமா?
– ஒரு வாசகி, ஈஸ்ட்ஹாம், லண்டன்

ப: லைசியம் தியேட்டரில் 1999 முதல் ஓடுகிறது, இன்னும் 2 வருடம் ஓடாதா என்ன? 6 வயதுக்கு மேல்தான் ஏற்றது என்று அவர்களே சொல்கிறார்கள். தொடக்கப் பாட்டில் இருக்கைகளுக்கு நடுவே யானை அசைந்து வரும்போது வாயைப் பிளப்பாள். ஆனால் மொத்தம் இரண்டரை மணி நேரம்! அப்பா சிங்கம் முஃபாசா சாகும்போது குழந்தை வீறிட்டால், டிக்கெட் விலையை நினைத்து நீங்களும் சேர்ந்து அழ வேண்டியதுதான். இப்போதைக்கு அதற்குப் பதில் இஸ்லிங்டனில் 1961-இல் தொடங்கிய லிட்டில் ஏஞ்சல் பொம்மலாட்ட அரங்கம் இருக்கிறது. சின்ன அரங்கு, குட்டி நாடகம். நேரத்தோடு வந்து கேக் வெட்டலாம். சிங்கம் பார்க்கும் ஆசை உண்மையில் உங்களுக்குத்தானா? அம்மாவுக்கும் பிறந்தநாள் வராமலா போகும்!