மாடி கட்டுங்க தம்பி, தாழ்ப்பாளும் போடுங்க

வாங்க தலைவரு தம்பி, உக்காருங்க. பள்ளிக்கூடத்துக்கு மூணு மாடியாம், பிளானோட வந்திருக்கீங்க. படம் பிரமாதம். வாசல்ல பிள்ளைங்க கூட்டங்கூட்டமா நிக்குதே, இதெல்லாம் யாரு வீட்டுப் பிள்ளைங்க? நம்ம சுங்கை ஆயர் தாவார்ல இத்தனை பேர நான் பாத்ததில்லையே. படம் வரைஞ்சவரே பெத்துப் போட்டுட்டாரு போல.

கோவிச்சுக்காதீங்க. தென்னை போயி செம்பனை வந்துச்சு, லயம் காலியாச்சு. சனமெல்லாம் கிள்ளான், பூச்சோங்னு போயிருச்சு. கிள்ளான் சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளியில ஆயிரத்துக்கு மேல பிள்ளைங்க. அங்க கேக்கட்டும் மாடி, நியாயம். தோட்டப் பக்கம் கதையே வேற. 2008-ல நாடு முழுக்கத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்க லட்சத்துக்கு மேல; இப்ப 80 ஆயிரத்தச் சுத்தி நிக்குது. 150-க்குக் கீழ போனா குறைஞ்ச மாணவர் பள்ளின்னு முத்திரை. 30-க்கும் கீழ போச்சுன்னா ரெண்டு வகுப்ப ஒண்ணாக் கட்டிருவாங்க. மூணு மாடியில எந்த மாடியில கட்டுவாங்கன்னு பிளான்ல போடலியே!

வெள்ளைக்காரத் துரை நம்ம மேல பாசத்துலயா பள்ளிக்கூடம் வச்சான்? ஏழு வயசுலேருந்து பதினாலு வயசு வரைக்கும் பத்துப் பிள்ளைங்க இருந்தா வைக்கணும்னு 1923 தொழிலாளர் சட்டம் சொல்லுச்சு, வச்சான். கொட்டகைதான். கங்காணியோ கிராணியோ வாத்தியாரு. ஆனா ஒண்ணு, துரையே தலைய எண்ணிட்டுத்தான் கம்பு நட்டான்.

அப்புறம், நெலம் யாரு பேருல இருக்கு? தோட்டத்துக்காரன் பேருல இருந்தா அது அரசாங்கத்தோட பாதி உதவி வாங்குற பள்ளிதான். நெலக் கிராண்டு எங்கன்னு பாருங்க, அப்புறம் சிமெண்டு விலை கேக்கலாம். மண்ணும் கடலோரக் களிமண்ணு, கான் வெட்டி வடிச்ச பூமி. பைலிங்குக்குக் கொட்டுற காசு கண்ணுக்கே தெரியாது. திறப்பு விழாவுக்கு வர்ற ஒய்.பி.க்கும் அதக் காட்ட முடியாது.

பேரன் கைபேசியில ஒண்ணு காட்டுனான். ஆப்பிரிக்காவுல புர்கினா ஃபாசோ, காண்டோன்னு ஒரு ஊரு. அந்த ஊர்ப் பையன் பிரான்சிஸ் கேரே 2001-ல மண்கல்லுல பள்ளிக்கூடம் கட்டியிருக்கான். மண்கல்லு மச்சுக்கு மேல தகரக் கூரைய உசரத் தூக்கி வச்சுட்டான். நடுவுல காத்து ஓடி சூட்ட இழுத்துட்டுப் போயிருது. பிள்ளைங்க கூடுனாங்க, 2008-ல பக்கத்துலயே நீட்டிக்கிட்டான். 2022-ல கட்டடக் கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசே குடுத்துட்டாங்க. முதல்லயே பெருசாக் கட்டல பாத்தீங்களா? நீங்க என்னடான்னா தகரக் கூரைக்கடியில ஸ்மார்ட் போர்டு மாட்டுறீங்க. மத்தியானம் ரெண்டு மணிக்குப் போர்டு ஸ்மார்ட்டாத்தான் இருக்கும், பிள்ளைதான் வெந்து கிடக்கும்.

இதே காசுல கூரைய உசத்துங்க. பாலர் பள்ளிக்கு நல்லதா ஒரு அறை போடுங்க. நாலு வயசுல நம்ம வாசலுக்கு வராத பிள்ளை ஏழு வயசுல வழி கேட்டுக்கிட்டா வரும்? சுங்கை பெசார் வரைக்கும் ஒரு வேன் ஓடட்டும். வேன் வந்தாத்தான் உங்க படத்துல நிக்கிற கூட்டத்துல பாதியாவது இறங்கும்.

கழிவறைய மறந்துராதீங்க. நான் பாத்த ஒரு பள்ளிக்கூடம், பேரு வேணாம், கதவுல தாழ்ப்பாள் இல்ல. ஒரு பொண்ணு உள்ள போனா இன்னொண்ணு வெளிய கதவப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். அப்புறம் இது உள்ள, அது வெளிய. ரெண்டுக்கும் கணக்குப் பாடம் போச்சு. அந்தப் பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் அறைக்கு மட்டும் ரெண்டு பூட்டு.

உங்க பேரு பொறிச்ச கல்லு வேணாம்னு நான் சொல்லல. கழிவறைச் சுவத்துல பதிச்சிருங்க. பிள்ளைங்க ஒரு நாளைக்கு நாலு தடவையாவது படிக்கும்.