பொண்ணைப் பாத்தது போதும், மாமனாரைப் பாரு

ஏங்கண்ணு, காதல் படம் பாக்கறேன்னு ராத்திரி ஒரு மணி வரைக்கும் அந்தப் போனை மூஞ்சிக்கு நேராப் புடிச்சுட்டுக் கெடக்கறயே, அதுல யாரைப் பாக்கறே? கதாநாயகியைப் பாப்பே. போனாப் போவுதுன்னு கதாநாயகன் போட்டிருக்கற சட்டையைப் பாப்பே, அதே மாதிரி ஒண்ணு பொள்ளாச்சிக் கடைவீதியில கெடைக்குமான்னு. வாசல்ல நாற்காலியப் போட்டு ஒரு பெருசு உக்காந்திருக்குமே, பொண்ணைப் பெத்த மனுசன், அந்தாளைப் பாத்தயா? பாத்திருக்க மாட்டே. அதனாலதான் முப்பது வயசாகியும் ஒறம்பர ஊட்டுக் கண்ணாலத்துல ரசவாளியத் தூக்கிட்டுப் பந்தியில ஓடிட்டிருக்கறே.

கோவிச்சுக்காதே சாமி. ரெண்டு பொண்ணைக் கட்டிக் குடுத்தவன் சொல்றேன். காதல் படத்துல பையனும் பொண்ணும் பாத்துக்கறது, மொறைச்சுக்கறது, மழையில நனையறது, இதெல்லாம் எல்லாப் படத்துலயும் ஒரே தினுசுதான். ஒரு தடவை பாத்தாப் போதும். திருப்பித் திருப்பிப் பாக்கறதுக்குச் சங்கதி இருக்கறது மாமனார் மூஞ்சியிலதான்.

ஆழியாறு அணைக்கு மீன் வறுவல் திங்கக் கூட்டாளிகளோட பைக்கை முறுக்கிட்டுப் போறயே, அங்க ஒரு விருந்தினர் மாளிகை இருக்குது, தெரியுமா? தெரியாது. மீனு எங்க இருக்குதுன்னு மட்டுந்தான் உனக்குத் தெரியும். ஸ்ரீதர் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்துல எஸ்டேட் மொதலாளி விஸ்வநாதன் குடியிருக்கற பங்களா அதுதான். படம் வந்தது 1964ல. சித்ராலயா கோபுவும் கூட உக்காந்து எழுதுனது, வின்சென்ட் கேமரா. அன்னைக்குக் கலருப் படம்னா பெரும்பாலும் ராசா ராணி கதைதான். இந்தப் படந்தான் பேண்டு போட்ட பையனையும் கார்ல வர்ற பொண்ணுகளையும் ஈஸ்ட்மென் கலருல காட்டுச்சு. பையன் ரவிச்சந்திரன், அப்பத்தான் மொதப் படம். வேலைய உட்டு நிறுத்திப்போட்டாங்கன்னு மொதலாளி பங்களாவுக்கு முன்னாலயே கூடாரம் போட்டுக்கிட்டுப் பாட்டுப் பாடிப் போராட்டம் பண்ணுவாரு. நீ இன்னைக்கு ஒரு பொண்ணு ஊட்டு முன்னால கூடாரம் அடிச்சுப் பாரேன். பாட்டுல மொத அடி முடியறதுக்குள்ள பஞ்சாயத்துத் தலைவர் வந்துருவாரு.

அந்தப் படத்துல எல்லாருஞ் சொல்றது நாகேஷ் அப்பனுக்குப் பேய்க்கதை சொல்ற எடம். மவனுக்குச் சினிமா எடுக்கற கிறுக்கு, ‘ஓஹோ புரொடக்சன்ஸ்’னு கம்பெனியே ஆரம்பிச்சுட்டான். காசு வேணும். அப்பன் அந்த எஸ்டேட் மொதலாளி விஸ்வநாதன்தான், நடிச்சது டி.எஸ்.பாலையா, கையத் தொறக்கற ஆளில்லை. கதையக் கேளுங்கப்பான்னு உக்கார வெச்சு நாகேஷ் ஆரம்பிக்கறாரு. சத்தமெல்லாம் வாயிலயே வருது. செட்டு இல்லை, இருட்டு இல்லை, பேயுமில்லை. ஒரு ஊட்டு ரூம்பு, ரெண்டு ஆளுக, அவ்வளவுதான்.

உன்னை மாதிரி ஆளுக இதை அரை நிமிசத் துண்டாப் போன்ல பாத்துப்போட்டு, நாகேஷ் சூப்பர்னு கையக் காட்டிட்டுத் தள்ளிட்டுப் போயிருவீங்க. நான் சொல்றதைக் கேளு. ஒருக்கா நாகேஷைப் பாத்தாச்சல்ல, இன்னொருக்காப் போட்டு, பாலையாவை மட்டும் பாரு. பெருசாப் பேச்சே இல்லாம ஒரு மனுசன் பயந்து சாகறாரு. ‘இவன் என்னத்தைச் சொல்லிக் கிழிக்கப் போறான்’னு உக்காந்தவரு. கொஞ்ச நேரத்துல கண்ணு விரியுது. வாயி தொறந்தது மூட மாட்டேங்குது. மவன் எக்கட்டால திரும்பறானோ அக்கட்டால இவரு மூஞ்சியும் திரும்புது. 1936ல ‘சதி லீலாவதி’யில வில்லனா வந்து, அப்பறம் வருசக்கணக்கா எத்தனையோ பேரை மெரட்டுன மொகம், பெத்த மவன் சொல்ற இல்லாத பேய்க்கு நடுங்குது. இந்தக் காட்சி இந்திக்கும் போச்சு, 1966ல ‘பியார் கியே ஜா’ன்னு. மெஹ்மூத் கதை சொல்றாரு, ஓம் பிரகாஷ் கேக்கறாரு. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனாப் பாலையா பாலையாதான், அதுல எங்கிட்டப் பேச்சே வேண்டாம்.

எம்மட மூத்த மாப்பிள்ளை மொத மொதல்லா எங்கூட்டுக்கு வந்தன்னைக்கு டீவியில இந்தப் படம் ஓடிட்டிருந்துச்சு. நான் டீவியப் பாக்கலை, அவனைத்தான் பாத்தேன். பாலையா பயப்படறப்ப அவனுக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வருது. வந்தவன் ஓரக்கண்ணுல என்னைப் பாக்கறான். நான் சிரிக்கலை. வேணும்னேதான் சிரிக்கலை. உடனே அந்தச் சிரிப்பை அப்படியே முழுங்கிப்போட்டு, காப்பி டம்ளரை எடுத்து வாயில வெச்சான் பாரு, டம்ளர்ல காப்பியே இல்லை. இவன் ஆவறவன்டான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். சாதகமெல்லாம் பின்னாலதான் பாத்தது.

பேய்க்கதை கெடக்கட்டும். எனக்குப் புடிச்சது அதே படத்துல இன்னொரு எடம். வேலைய உட்டுத் தொரத்துன பையன் பெரிய கோடீசுவரன் மவன்னு விஸ்வநாதன் நம்பிப்போடறாரு. ஒட்டுத் தாடி வெச்சுக்கிட்டு அப்பன் வேசத்துல வந்து நிக்கறது பையனோட கூட்டாளி முத்துராமன். அவ்வளவுதான், அதுவரைக்கும் எச்சா எளப்பமாத் தெரிஞ்ச பையன் பேருக்கு ஒரு மருவாதி வந்து ஒட்டிக்குது. அசோக் ‘அசோகர்’ ஆயிர்றான். மவன்கூட ‘மகருங்க’ளா ஆயிர்றான். சொல்றப்ப பாலையா ஒடம்பு எப்புடி வளையுதுன்னு பாரு. பச்சோந்திகூட வெக்கப்பட்டு வேலிக்கு அக்கட்டால எறங்கிப் போயிரும். ஸ்ரீதருக்குப் பொண்ணைப் பெத்தவனைப் பத்தி நல்லாத் தெரிஞ்சிருக்குது. நாங்க அப்படித்தான். உன்ற பேருக்குப் பின்னால ‘ங்க’ போடறமா இல்லையான்னு பாத்தே நீ எந்த நெலமையில இருக்கறேன்னு தெரிஞ்சுக்கலாம்.

இதுல முத்துராமன் பாடு இன்னும் மோசம். அவரு உசுரா நெனைக்கற பொண்ணும் அதே ஊட்டுல இருக்குது, இவரு தாடியோட கெழவனா இருமிட்டு உக்காந்திருக்கோணும். நெசமான கெழவன் நான் சொல்றேன், அந்த இருமல் அவருக்குச் சுமாராத்தான் வருது.

அடுத்தது ‘தில்லு முல்லு’. 1981, பாலசந்தர் எடுத்தது, இந்தி ‘கோல்மால்’தான் மூலம். சண்டைப் படமா நடிச்சுட்டிருந்த ரசினியப் புடிச்சு மீசைய எடுத்து உக்கார வெச்சாரு. ஜனங்க ரசினி ரசினின்னு சொல்லுவாங்க, நீ தேங்காய் சீனிவாசனைப் பாரு. மீசை இருந்தா யோக்கியன், இல்லாட்டி அயோக்கியன், இதுதான் அந்த மொதலாளியோட சித்தாந்தம். வேலைக்கு வந்தவன் அய்யம்பேட்டை அறிவுடைநம்பி கலியபெருமாள் சந்திரன்னு பாட்டன் ஊரு வரைக்கும் பேரை நீட்டுனதும் இவரு உருகறதைப் பாக்கோணும். அப்பறம் கால்பந்து ஆட்டத்துல பையன் மாட்டிக்கறான். இல்லாத தம்பியப் பொறக்க வெக்கறான், மீசை இல்லாத தம்பி. மொதலாளி மவ மாதவி அந்தத் தம்பியத்தான் விரும்புது, மொதலாளி அண்ணனை விரும்பறாரு. இருக்கறது ஒத்தை ஆளு! பொண்ணுக்கு ஒருத்தனைப் புடிக்கும், அப்பனுக்கு இன்னொருத்தனைப் புடிக்கும், ரெண்டும் ஒரே ஆளுதான்னு அப்பனுக்கு மட்டும் தெரியாது. எங்க ஊர்ல பாதிக் கண்ணாலம் இப்படித்தான் நடந்துச்சு. மீசைதான் கூட இல்லை.

நடுவுல ஒண்ணு சொல்லிப்போடறேன். பொண்ணு வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல, பஸ் ஸ்டாண்டுலருந்து காலேசு வரைக்கும் பின்னாலயே போயி, கடைசியில அது சிரிச்சுப் போடற படங்க இருக்குதே, அதையெல்லாம் நீ காதல் நகைச்சுவைன்னு எங்கிட்டக் கொண்டாராதே. நான் பாக்கறதில்லை. அதுல மாமனாருக்கு வேலையே இல்லை, போலீசுக்குத்தான் வேலை.

‘மௌன ராகம்’ முழுசும் சிரிப்புப் படமில்லை. 1986, மணிரத்னம். ஆனா அதுல கார்த்திக் வர்ற கொஞ்ச நேரம் இருக்குதே, அதுக்காகவே பாக்கலாம். காப்பி கிளப்புல ரேவதியோட அப்பாவை, வயசுக்கு மூத்த மனுசனை, ‘மிஸ்டர் சந்திரமௌலி’ன்னு பேரைச் சொல்லிக் கூப்புடறான் பாரு, கூப்புட்டதோட உடறானா, திரும்பத் திரும்பக் கூப்புடறான்! ரேவதி படற அவஸ்தைய எல்லாரும் பாத்திருப்பாங்க. நீ சங்கரனைப் பாரு, ரா.சங்கரன், அவரே ஒரு டைரக்டரு. யாரு இவன், எதுக்குக் கூப்புடறான், எங்க பாத்தோம்னு ஒரு நல்ல மனுசன் முழிக்கற முழி. அந்தக் கூப்பாடு எவ்வளவு நாள் ஜனங்க காதுல நின்னுச்சுன்னா, 2018ல அதே பேருல ஒரு படம் வந்துச்சு, கார்த்திக்கும் அவரு மவனும் நடிச்சது. ஒண்ணு மட்டும் நெனப்புல வெச்சுக்க. அது கார்த்திக். நீ எங்கூட்டு வாசல்ல நின்னு என்னைப் பேர் சொல்லிக் கூப்புட்டுப் பாரு, அப்பத் தெரியும்.

‘மைக்கேல் மதன காமராஜன்’ல வர்ற சமையக்காரனுக்கு மாமனார் கெடையாது, அதுக்குப் பதிலு ஒரு பாட்டி. எஸ்.என்.லட்சுமி. கண்ணுல பட்டதெல்லாம் கைக்குப் போயிரும், கையில பட்டதெல்லாம் மடிக்குப் போயிரும். சமையக்காரக் காமேசுவரன் பாலக்காட்டுப் பேச்சுல வெக்கப்பட்டுக்கிட்டு அந்தப் பாட்டியோட பேத்தி திருப்புவைப் பாக்கறதையும், சாம்பார்ல மீனு விழுந்த கதையையும் நான் சொல்ல வேண்டியதில்லை. கிரேசி மோகன் எழுதுனதுல ஒரு தடவைக்கு ரெண்டு சிரிப்பாச்சும் காதுல விழாமப் போயிரும். அதைப் புடிக்கத்தான் மறுபடியும் பாக்கறது.

பழசையே சொல்றான் கெழவன்னு மொணங்கறது கேக்குது. சரி, 2020ல வந்த ‘ஓ மை கடவுளே’. பையன் அசோக் செல்வன், மாமனார் எம்.எஸ்.பாஸ்கர். மாமனாருக்குக் கக்கூஸ் பீங்கான் பண்ற கம்பெனி. மருமவனுக்கு அதைச் சோதிச்சுப் பாக்கற உத்தியோகம். பையன் அதை நெனச்சு நெனச்சுக் கூனிக் குறுகறான், ஊரு உலகமே சிரிக்குதுன்னு. நானும் சிரிச்சேன், பொய் எதுக்குச் சொல்லோணும்? அப்பறம் கடவுள் குடுத்த ரெண்டாவது வாய்ப்புல, அந்த மனுசன் ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தாருன்னு அவரு வாயாலயே கேக்கறான். கண்ணாலம் பண்ணிக் கூடவே வேலை பாத்தப்ப ஒரு நாளும் கேக்கலை! பாஸ்கர் சத்தமே போடாம சொல்லுவாரு. அந்த எடத்துல சிரிப்பு போயிரும், ஆனாப் படம் அங்கதான் நெமுந்து நிக்குது. பாலையா பேய்க்குப் பயந்ததுக்கு அப்பறம் தமிழ்ல ஒரு மாமனார் மூஞ்சிய நான் அவ்வளவு நேரம் பாத்தது இதுலதான்.

நீயும் உன்ற கூட்டாளிகளும் அந்தப் படத்துல வெள்ளை லைட்டு அடிச்ச காதல் கோர்ட்டைப் பத்தித்தான் பேசிட்டிருந்தீங்க. விசய் சேதுபதி கடவுளா வந்தாராம். வந்தாரு, நல்லாத்தான் இருந்தாரு. கடவுளை எந்தக் கோயில்லயும் பாக்கலாம் கண்ணு. மாமனாரை அந்த ஒரு ஊட்லதான் பாக்க முடியும்.

இனி ஒண்ணே ஒண்ணு பண்ணு. வர்ற ஞாயித்துக்கெழமை அந்தப் பொண்ணு ஊட்டுக்கு ஏதோ சாக்குச் சொல்லிப் போகத்தான் போறே, எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காதே. ‘காதலிக்க நேரமில்லை’யப் போடச் சொல்லு. அவங்கப்பன் நாற்காலிக்கு நேரா உக்காராதே, கொஞ்சம் ஒதுங்கி உக்காரு. ‘அசோகர்’ங்கற எடம் வந்ததும் பெரியவரு சிரிச்சாருன்னா நீயும் சிரி, அவரை விட ஒரு பிடி கம்மியா. சிரிக்கலைன்னா, எந்திரிச்சுப் போயி ஒரு சொம்புத் தண்ணி மொண்டாந்து குடுத்துப்போட்டு, அடுத்த பஸ்ஸுக்கே ஊடு வந்து சேரு.