அலை பிளேடு வாங்கியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ரோட்டரி கட்டரில் மாட்டும், நேராக வெட்டும் பிளேடு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நன்றாகவும் வெட்டுகிறது. துணித் துண்டுகளை இணைத்துக் குவில்ட் என்னும் போர்வை தைக்கும் ஒரு குவில்ட்காரர் வீட்டில் இந்த நிலைமை ரொம்ப நாள் நீடிக்கக் கூடாது. தையல் சாமான் கடைக்குப் போங்கள். நேர் பிளேடு தொங்கும் அதே கம்பியில், சற்றே கூடுதல் விலையில் அலங்கார பிளேடுகள் தொங்கும். அலை ஒன்று, ஜிக்ஜாக் ஒன்று, பிறை பிறையாக வளைந்து போவது ஒன்று. மூன்றையும் எடுத்துவிடுங்கள். எது எதற்குப் பயன்படும் என்று கடையிலேயே நின்று யோசித்தால் ஒன்றைக்கூட வாங்க மனம் வராது, கடைக்காரருக்கும் நஷ்டம்.

கொஞ்சம் சரித்திரமும் தெரிந்திருப்பது நல்லது. ரோட்டரி கட்டர் என்ற இந்த வட்டக் கத்தியை 1979இல் ஜப்பானின் ஒசாகா நகரத்து ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்தது. உடை தைப்பவர்களை மனதில் வைத்துச் செய்த கருவியை அமெரிக்கக் குவில்ட்காரர்கள் அப்படியே அள்ளிக்கொண்டார்கள். அதுவரை அவர்கள் அட்டையில் வடிவம் வெட்டி, அதைத் துணிமேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, கத்தரியால் ஒவ்வொரு துண்டாக நறுக்கிக்கொண்டிருந்தார்கள். வட்டக் கத்தியும், அடியில் ‘மேட்’ என்னும் வெட்டு விரிப்பும், மேலே கண்ணாடி மாதிரியான அக்ரிலிக் ஸ்கேலும் சேர்ந்ததும் வாரக்கணக்கான வேலை ஒரு சாயங்காலத்தில் முடிந்தது. இந்தக் கருவியால் கிடைத்த லாபம் இரண்டு: வேகம், நேர்கோடு. அலங்கார பிளேடு இந்த இரண்டையும் கவனமாகக் கழித்துவிடுகிறது. அதற்குத்தான் கூடுதல் விலை.

அதே நிறுவனத்தின் நிறுவனர் யோஷியோ ஒகாடா, 1956இல், மொண்ணையான நுனியை உடைத்து எறிந்துவிட்டு அடுத்த நுனியால் வெட்டும் கத்தியைக் கண்டுபிடித்தவர். கூர் போனால் தூக்கி எறி என்பது அவர் போட்ட பாதை. அலை பிளேடு அந்தப் பாதையில் வராது. அதை உடைக்க முடியாது, வீட்டில் தீட்ட முடியாது, விலையை நினைத்தால் எறியவும் கை வராது. (அலுமினியத் தாளை நாலு தடவை வெட்டினால் கூர் திரும்பும் என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். பிளேடில் ஒட்டிய பிசிறு போகும், கூர் வராது. அலுமினியத் தாள் அழகாக அலை அலையாக வெட்டுப்படும், அந்த மட்டில் திருப்தி.)

சரி, பிளேடை மாட்டுவோம். உங்கள் கைப்பிடி 45 மில்லிமீட்டருக்கானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 28, 60 எல்லாம் உண்டு, ஆனால் அலங்கார பிளேடு பெரும்பாலும் 45இல்தான் கிடைக்கும். நட்டைக் கழற்றுங்கள். அதனடியில் லேசாக வளைந்த ஒரு வாஷர் இருக்கும். அது உருண்டு அலமாரிக்கு அடியில் போகும். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று இப்போது உங்களுக்கு நினைவிருக்காது. வேண்டுமானால் ஒவ்வொரு பாகத்தையும் கழற்றக் கழற்ற வரிசையாக மேஜைமேல் வைக்கலாம், ஒரு படமும் எடுத்து வைக்கலாம். ஆனால் அப்படிச் செய்பவர்களிடம் பிற்பாடு சொல்ல ஒரு கதையும் இருக்காது. நட்டை இறுக்கும்போது முழுப் பலத்தையும் காட்டுங்கள். பிளேடு சுழலாமல் துணியை இழுத்துக்கொண்டே போகும். பிறகு தளர்த்துங்கள். பிளேடு ஆடும். இரண்டுக்கும் நடுவில் ஓர் இடம் இருக்கிறது. விரலால் தொடாமல், ஒரு பழந்துணிமேல் உருட்டிப் பார்த்துத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும். பிளேடுமேல் எண்ணெய் பூசித்தான் விற்பார்கள். ஆகவே முதல் வெட்டை வெள்ளைத் துணியில் போடாதீர்கள்.

இனி அளவு. அமெரிக்கக் குவில்ட் முழுவதும் கால் அங்குலத்தின்மேல் நிற்கிறது. இரண்டு துண்டை இணைக்கும்போது ஓரத்திலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளித் தையல் போட வேண்டும். இரண்டரை அங்குலச் சதுரம் வெட்டினால் தைத்து முடித்தபின் இரண்டு அங்குலம் வெளியே தெரியும். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை, ஓரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால். அலை வெட்டில் ஓரம் என்பது மேடா, பள்ளமா? உங்களுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளலாம். மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 1/16 அங்குலம்தான் வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுரத்துக்கு இரண்டு பக்கம், ஆக 1/8 அங்குலம். இருபது சதுரம் சேர்ந்த வரிசை ஒன்றை மேட்டிலிருந்து அளந்தும், அடுத்த வரிசையைப் பள்ளத்திலிருந்து அளந்தும் வெட்டினால், ஒரு வரிசை மற்றதைவிட இரண்டரை அங்குலம் நீளும். ஒரு சதுரத்தையே கூடுதலாகச் செருகும் அளவு. இதைச் சரிக்கட்ட இஸ்திரிப்பெட்டியாலும் முடியாது, பிரார்த்தனையாலும் முடியாது.

இந்தத் தகராறை நீங்கள் தனியாகத் தொடங்கியதாக நினைக்க வேண்டாம். மோடா போன்ற துணி நிறுவனங்கள் இரண்டரை அங்குலப் பட்டைகளைச் சுருட்டி ஜெல்லி ரோல் என்றும், ஐந்து அங்குலச் சதுரங்களை அடுக்கிச் சார்ம் பேக் என்றும் விற்கின்றன. ஓரமெல்லாம் ஆலையிலேயே ஜிக்ஜாக்காக வெட்டப்பட்டிருக்கும். பல்லின் நுனியிலிருந்து அளப்பதா, இடுக்கிலிருந்து அளப்பதா என்று குவில்ட்காரர்கள் ஓயாமல் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அனுபவசாலிகள் வாதத்தில் இறங்குவதில்லை. கட்டைப் பிரித்ததும் ஸ்கேலை வைத்து நுனிக்கு நுனி அளந்து பார்த்துவிட்டுத் தைக்க உட்காருவார்கள். இன்னொரு விஷயம், அந்தச் சுருளை ஆசையாக வாஷிங் மெஷினில் போட்டுவிடாதீர்கள். பட்டைகளாகப் போனது பின்னிய கயிறாகத் திரும்பி வரும்.

அளந்தாயிற்று. ஸ்கேலைத் துணிமேல் வையுங்கள். நேர் பிளேடு ஸ்கேலின் விளிம்பை உரசிக்கொண்டே ஓடும். அலை பிளேடையும் அப்படியே ஒட்டிப் பிடித்து உருட்டினால், அதன் மேடு ஒவ்வொன்றும் ஸ்கேலைச் சீவும். சீக்கிரமே ஸ்கேலும் அலையாகிவிடும்; பிறகு நேர் பிளேடு போட்டாலும் அலைதான். ஸ்கேல் கெடக் கூடாது என்று நினைப்பவர்கள் மயிரிழை இடைவெளி விட்டு உருட்டுகிறார்கள். அந்த இடைவெளி கடைசிவரை ஒரே அளவாக இருக்காது. இதையும் மேற்சொன்ன 1/16 அங்குலத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இப்போது உருட்டுங்கள். நேர் பிளேடைவிட இதற்கு அழுத்தம் அதிகம் வேண்டும், ஏனென்றால் நெளிந்து போகும் விளிம்பு முழுதும் ஒரே சீராகத் துணியில் இறங்காது. நாலு மடிப்பு ஆறு மடிப்பு என்று ஒரே இழுப்பில் வெட்டிப் பழகியவர்கள் இங்கே ஒரு மடிப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். மிஞ்சினால் இரண்டு. துணிக்கு முன்கூட்டியே கஞ்சி போட்டு மொடமொடவென்று இஸ்திரி போட்டிருந்தால் வெட்டு சுத்தமாக விழும்; இந்தக் கட்டுரையில் கேலி கலக்காமல் சொல்லும் யோசனைகளில் இது ஒன்று.

பிளேடில் எங்காவது ஒரு சிறு பொக்கை விழுந்தால் என்ன ஆகும் என்பதைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். 45 மில்லிமீட்டர் பிளேடு ஒரு சுற்று உருள ஏறக்குறைய 14 சென்டிமீட்டர், அதாவது ஐந்தரை அங்குலம் போகிறது. ஆகவே ஒவ்வொரு ஐந்தரை அங்குலத்துக்கும் ஓர் இடத்தில் இரண்டு மூன்று நூல் வெட்டுப்படாமல் நிற்கும். துணியை எடுத்தால் துண்டு கூடவே தொங்கிக்கொண்டு வரும். நேர் பிளேடாக இருந்தால் மறுபடி ஒரு தரம் அதே கோட்டில் ஓட்டினால் போதும். இங்கே? கையை எடுக்காமல் வந்த வழியே பின்னால் உருட்டினால், பொக்கையும் சொன்ன சொல் தவறாமல் அதே இடத்துக்கு வந்து அதே நூலை விட்டுவிட்டுப் போகும். கையை எடுத்து மறுபடி வைத்தால் புது அலை பழைய அலையோடு சேராது. ஒன்றையொன்று குறுக்கே வெட்டி, மீன் செதில் மாதிரி துணுக்குகள் உதிரும். அந்த இரண்டு நூலைக் கத்தரியால்தான் நறுக்க வேண்டும். ரோட்டரி கட்டர் வருமுன் எல்லாரும் செய்துகொண்டிருந்தது அதுதானே.

அடியில் விரித்த மேட்டைப் பற்றியும் கவலைப்படுங்கள். வெட்டுக்காயம் தானாக ஆறும் மேட் என்று விற்பதன் சூட்சுமம் எளிது: மெல்லிய நேர் பிளேடு மேட்டின் மேற்பரப்பைப் பிளந்துகொண்டு போகிறது, கீறல் இரண்டு பக்கமும் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. நெளிந்த பிளேடு அழுத்தத்தோடு போகும்போது மேட்டைக் கொத்தி எடுக்கிறது. அந்தப் பள்ளங்களில் நூல்தூசு போய் அடைந்துகொள்ளும். அடுத்த தடவை நேர் பிளேடும் அந்த இடத்தில் தடுமாறும். புது மேட்டில் இதைப் பரீட்சிப்பது மிகவும் பரபரப்பான அனுபவம். பரபரப்பு வேண்டாதவர்கள் பழைய மேட் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுவார்கள்.

வெட்டிய துண்டுகளை மெஷினுக்குக் கொண்டுபோனால், துணியை அழுத்திப் பிடிக்கும் கால் அங்குல ஃபுட்டின் விளிம்போடு துணியின் விளிம்பை உரசவிட்டுத் தைக்கும் வழக்கமும் செல்லாது. உரசவேண்டிய விளிம்பு உள்ளே வெளியே என்று ஆடிக்கொண்டிருக்கும். கண்ணை அலையின் மேட்டில் வைத்துக்கொண்டு தையுங்கள். தைத்துவிட்டீர்களா? நல்லது. இப்போது துண்டைத் திருப்பி, உங்கள் அலை ஓரத்தைப் பாருங்கள்.

தெரியாது. தையலுக்கு உள்ளே விட்ட கால் அங்குலத்துக்குள்தான் அந்த அலை இருக்கிறது. அதற்கடியில் பஞ்சு அடுக்கு வரும், அதற்கும் அடியில் முதுகுத்துணி வரும், மூன்றையும் சேர்த்துத் தையல் ஓடும், சுற்றிலும் பட்டை கட்டுவீர்கள். கென்டக்கி மாநிலம் பாதூக்காவில் குவில்டுக்கென்றே தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது. ஆண்டுதோறும் அந்த ஊரில் பெரிய குவில்ட் கண்காட்சியும் நடக்கிறது. இத்தகைய கண்காட்சிகளில் பார்வையாளர் கைபடக் கூடாது என்று வெள்ளைக் கையுறை போட்ட தன்னார்வலர்கள் நின்று, கேட்டால் குவில்டின் ஓரத்தைத் தூக்கி முதுகையும் காட்டுவார்கள். முதுகில் தெரிவது முதுகுத்துணி. உங்கள் அலையைப் பார்க்க வேண்டுமானால் குவில்டைப் பிரித்தாக வேண்டும். அலபாமாவின் ஜீஸ் பெண்டில் கறுப்பினப் பெண்கள் பழைய வேலைச் சட்டைகளையும் ஜீன்ஸையும் துண்டு போட்டு, அளவுகோலுக்குக் கட்டுப்படாமல் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகச் சுவரில் ஏறின. கோணல் வேண்டுமென்றால் அவர்கள் அதை எல்லார் கண்ணிலும் படும்படி நடுவில் வைத்தார்கள். நாம் அதைக் காசு கொடுத்து வாங்கி உள்ளே ஒளிக்கிறோம்.

ஜிக்ஜாக் வெட்டு பிசிறைத் தடுக்குமே என்று கேட்பீர்கள். ஓரளவுக்குத் தடுக்கும். நேராக வெட்டிய ஓரத்தில் ஒரு நூல் கழன்றால் துணியின் நீளம் முழுக்க உருவிக்கொண்டு வரும். பல்பல்லாக வெட்டினால் கழலும் நூல் ஒரு பல்லின் அளவோடு நின்றுவிடும். நம்மூர் ஜவுளிக் கம்பெனிகளின் சாம்பிள் துணுக்குகள் ஜிக்ஜாக் ஓரத்தோடு அட்டையில் ஒட்டியிருப்பது அதனால்தான். அலை பிளேடின் கதை வேறு. அதன் மேட்டிலும் பள்ளத்திலும் வெட்டு சற்று நேரம் நூலோடு நூலாகவே ஓடுவதால் அங்கே பிசிறும். நாலு சலவைக்குப் பிறகு பருத்தியில் இரண்டுமே பிசிறும். மேலும், குவில்டுக்குள் அடைபட்ட ஓரம் பிசிறி எங்கே போய்விடப் போகிறது?

அலங்கார பிளேடுக்கு மரியாதை கிடைக்கும் இடங்கள் உண்டு. ஃப்லீஸ் போர்வை முதல் இடம்: பிசிறாத துணி, ஓரம் மடித்துத் தைக்க வேண்டாம், நாலு பக்கமும் அலை வெட்டு வெட்டினால் ஒரு குழந்தைப் போர்வை அரை மணியில் ரெடி. அடுத்தது ஃபெல்ட். கம்பளி ஃபெல்டில் வட்டமும் இலையும் வெட்டி ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டித் தைக்கும் வேலையில் பிறை வளைவு ஓரம் எடுப்பாக இருக்கும், ஏனென்றால் அங்கே ஓரம் வெளியே தெரிகிறது. மேஜை விரிப்புக்கான பிளாஸ்டிக் பூச்சுத் துணியும் சரி. குவில்டின் பருத்திச் சதுரங்களுக்கு மட்டும் பழைய நேர் பிளேடையே மாட்டுங்கள். அதில் எனக்கு இரண்டாம் கருத்து கிடையாது.

கிறிஸ்துமஸ் சமயத்தில் பிளேடை ஒளித்து வைக்க மறக்காதீர்கள். பரிசுப் பொட்டலத் தாளுக்கு அலை ஓரம் வெட்ட வீட்டில் யாருக்காவது கட்டாயம் ஆசை வரும். தாள் வெட்டிய பிளேடு துணியைச் சரியாக வெட்டாது. தாளுக்குத் தனி பிளேடு, அதற்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர். கட்டரைக் கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும், அடுத்த நொடியே எடுக்கப்போகிறீர்கள் என்றாலும், பாதுகாப்பு மூடியைத் தள்ளி மூடுங்கள். ஸ்கேலை அழுத்தும் கையின் விரல் எதுவும் அதன் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. மொண்ணைப் பிளேடை அழுத்தித்தான் ஓட்ட வேண்டும், அழுத்தும்போதுதான் அது வழுக்கும்.

கழற்றிய பிளேடை வெறுமனே குப்பைப் பையில் போட்டுவிடாதீர்கள். துணி வெட்டப் பயன்படாதது என்றாலும் குப்பை எடுப்பவர் கையை அது வெட்டும். மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்து வைத்து, நிறைந்ததும் டேப் சுற்றி, மேலே பெரிய எழுத்தில் ‘பிளேடு’ என்று எழுதிப் போடுங்கள்.