வாசலழுகை: ஓர் இலக்கண ஆராய்ச்சி

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில், தமிழ்நாட்டு நர்சரிப் பள்ளி வாசல்களில் காலை ஒன்பது மணியையொட்டி எழும் ஓசைக்கு இதுவரை யாரும் இலக்கணம் வகுக்கவில்லை. இறந்த தலைவனுக்காக அழுதால் கையறுநிலை என்று துறை வகுத்த மொழி இது. எல்.கே.ஜி. பிள்ளையின் அழுகைக்கு மட்டும் "ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பிவிடுகிறோம். இக்குறையை நீக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பெயர். பள்ளிக் கேட்டைக் கண்டதும் தொடங்கி, செருப்பு கழற்றும் இடத்தில் உச்சம் தொட்டு, பெற்றவர் கண்ணில் படாமல் போனபின் தேய்ந்து அடங்கும் அழுகையை 'வாசலழுகை' என்க. கடையில் பொம்மை கேட்டுத் தரையில் புரளும் அழுகை இதில் அடங்காது. அதில் ஓரக்கண்ணால் அம்மாவின் முகத்தைப் பார்த்துக் கொள்ளும் கூறு உண்டு. வாசலழுகையில் கண் இரண்டும் இறுக மூடியிருக்கும். கை மட்டும் துப்பட்டாவையோ சேலைத் தலைப்பையோ தேடிப் பிடித்துக்கொள்ளும்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் களங்கள் நான்கு என்கிறார். ஒன்றை இழத்தல், இழிவுபடுதல், இல்லாமை, முன்பிருந்த நல்ல நிலை கெடுதல் என்று அவற்றை எளிமையாகச் சொல்லலாம். வாசலழுகை இவற்றுள் எதன்பாற்படும்? அம்மாவை இழந்ததால் வந்த அழுகை, ஆகவே இழவு என்பாரும் உளர். அது பொருந்தாது. ஏனெனில், அதே அம்மா அவனைப் பாட்டியிடம் விட்டுவிட்டுக் கல்யாணத்துக்குப் போன நாளில் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்துப் பிள்ளையின் பென்சில் பாக்ஸில் பொத்தானை அழுத்தினால் ஷார்ப்னர் எழும்புகிறது, நம்முடையதில் எழும்பவில்லை என்பது வறுமை. ஆனால் அது வகுப்புக்குள் போனபின் தெரியவருவது. எனவே முன்னிலை கெடுதலாகிய அசைவே வாசலழுகைக்குத் தாய்க்களம் என்பது நம் துணிபு. நேற்றுவரை அவன் "தண்ணி" என்று ஒரு சொல் சொன்னால் டம்ளர் நடந்து வந்தது. இன்று அதே சொல்லுக்கு மிஸ் திரும்பிப் பார்க்க வேண்டும், கை தூக்க வேண்டும், முப்பது பேரில் ஒருவனாகக் காத்திருக்கவும் வேண்டும். ஆட்சி பறிபோன மன்னன் அழாமல் என்ன செய்வான்?

எஞ்சிய களமாகிய இழிவைச் சற்று விரித்துரைக்க வேண்டும். நடைமுறையில் பிள்ளைகளை அதிகம் சாய்ப்பது அதுதான். பள்ளியின் முதல் பாடம் 'அ' அன்று, சுண்டுவிரல். அதைத் தூக்கினால் ஒண்ணுக்கு. இரண்டு விரலைத் தூக்கினால் அடுத்தது. வீட்டில் வாயால் அறிவித்துப் பழகிய பிள்ளைக்கு இந்தச் சைகை மொழி புரிபட நாளாகும். புரிபட்டு, விரல் தூக்கி, உத்தரவும் கிடைத்துக் கழிவறைவரை போனபின் எதிரே நிற்பது டிரவுசரின் பொத்தான். விறைப்பான புதுத்துணி, சின்னத் துளை, அவசரம். அதன்பின் நடப்பது எல்லாரும் அறிந்ததே. மாற்று உடையோடு வீடு திரும்பும் பிள்ளை மறுநாள் "வயிறு வலிக்குது" என்று சொல்வதன் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. இடுப்பில் எலாஸ்டிக் வைத்த டிரவுசரும், வெல்க்ரோ ஒட்டும் ஷூவும், பிள்ளை தானே திறக்கக்கூடிய டிபன் பாக்ஸும் செய்யும் உபகாரத்தைப் பல அறிவுரைகள் செய்வதில்லை. கோடை விடுமுறையில் அந்த டிபன் பாக்ஸை வீட்டிலேயே திறந்து பழக்காமல், ஆங்கில எழுத்து இருபத்தாறையும் ஒப்பிக்கப் பழக்கும் பெற்றோரை என்னவென்பது!

பள்ளிக்குப் போகத் தக்க பருவம் எது என்பதிலும் பழைய தமிழகத்துக்குத் தனி அளவுகோல் இருந்தது. வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக்காதைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் ஒன்றாம் வகுப்பு. கையெட்டாத பிள்ளையின் முழங்கையைத் தகப்பனார் பின்னாலிருந்து லேசாக உந்திவிட்டதுண்டு. தலையைச் சாய்த்துக் காதே கைக்கு வந்ததும் உண்டு. இதை மூடப்பழக்கம் என்று ஒதுக்க முடியாது. சிறுபிள்ளைக்கு உடம்பை நோக்கத் தலை பெரிது, கை குட்டை. வளர வளரத்தான் அந்தக் கணக்கு மாறுகிறது. பிறந்த நாள் குறித்து வைக்காத வீடுகளுக்கு உடம்பே சான்றிதழ். பிறந்த தேதிக் கட்டத்தைத் தலைமையாசிரியர் தம் விருப்பப்படி நிரப்பிக் கொண்டார். இன்றைக்கும் நம் பெரியவர்களில் ஏராளமானோர் மே, ஜூன் மாதங்களில் 'பிறந்திருப்பது' அதனால்தான்.

இனி மேலைநாட்டார் கொள்கை. ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1969-ல் 'பற்றுறவு' பற்றிய தம் நூலின் முதல் தொகுதியை வெளியிட்டார். அவருடன் பணியாற்றிய மேரி ஐன்ஸ்வொர்த், ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தைகளைத் தாயுடன் ஓர் அறைக்கு வரவழைத்து, தாயைச் சில நிமிடம் வெளியே அனுப்பி, குழந்தை என்ன செய்கிறது என்று கவனித்தார். தாய் போகும்போது அழுகிறதா என்பதைக் காட்டிலும், திரும்பி வரும்போது அவளை எப்படி எதிர்கொள்கிறது என்பதே முக்கியம் என்று கண்டார். அழுத பிள்ளை ஓடிவந்து ஒட்டிக்கொண்டு, ஆறி, மறுபடி விளையாடப் போனால் உறவு பலமாக இருக்கிறதென்று பொருள்.

இதே துறையில் நம்மூர்ப் பேரறிஞர் ஆயாம்மா. கேட்டருகே நின்று, அழும் பிள்ளையை ஒரு கையாலும் அதன் வாட்டர் பாட்டிலை மறு கையாலும் வாங்கிக்கொண்டு அவர் சொல்வது: "நீ போம்மா. நீ நிக்கிற வரைக்கும்தான் இது அழும்." ஆராய்ந்து பார்த்தால் இதை மறுக்க வழியில்லை. வாசலழுகையை நீட்டிப்பவர் பிள்ளையல்லர். ஜன்னல் கம்பி வழியே எட்டிப் பார்க்கும் அப்பாவும், "போயிட்டு வரட்டுமா கண்ணு" என்று பலமுறை விடைபெறும் அம்மாவும்தான். ஒவ்வொரு விடைபெறலும் ஆறத் தொடங்கிய அழுகையை மறுபடி முதலிலிருந்து தொடங்கி வைக்கிறது.

இதற்கு நேர்மாறான கட்சியும் உண்டு. பிள்ளை பொம்மையைப் பார்க்கும் நேரம் பார்த்து நழுவிவிடுவது. "அம்மா இங்கயேதான் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போவது. அன்றைக்கு இது பலிக்கும். மறுநாள் பிள்ளை பொம்மையைப் பார்க்காது, அம்மாவையே பார்த்துக்கொண்டிருக்கும். கழிவறைக்குப் போனால்கூடப் பின்தொடரும். இரு கட்சிக்கும் நடுவே நம் முடிபு இது: ஒரு முத்தம், ஒரு டாட்டா, ஒரு மெய்யான வாக்கு. அந்த வாக்கிலும் "பன்னிரண்டரைக்கு வருவேன்" என்பது பயனற்றது. மணி பார்க்கத் தெரியாதவனுக்குப் பன்னிரண்டரையும் தீபாவளியும் ஒன்றுதான். "நீங்கல்லாம் சாப்பிட்டு, பெல் அடிச்சதும் வருவேன்" என்றால் பிடித்துக்கொள்ள ஏதோ இருக்கிறது. சொன்னபடி வந்து நிற்பதும் இலக்கணத்தின் பகுதியே.

வகுப்பறைக்குள் நடப்பதைப் பற்றி ஒரு சொல். 1789-ல் சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை ஏற்ற ஆண்ட்ரூ பெல் பாதிரியார், நம்மூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். கற்ற பிள்ளைகளைக் கொண்டே கல்லாதவர்க்குக் கற்பித்தார். 1797-ல் லண்டனில் அதைப் புத்தகமாக்கினார், 'மெட்ராஸ் முறை' என்று அது பேர்பெற்றது. எல்.கே.ஜி.யில் இம்முறை இன்றும் உயிரோடிருக்கிறது. போன வாரம் அழுது முடித்தவள் இந்த வாரம் அழுபவனிடம் போய், "அழாத, சாயங்காலம் கூட்டிட்டுப் போயிடுவாங்க" என்று மூக்கை உறிஞ்சியபடி தேற்றுகிறாள். மிஸ் சொன்னதைவிட அவள் சொன்னது வேலை செய்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 2022 செப்டம்பரில் தொடங்கி மறு ஆண்டு விரிவாக்கப்பட்ட காலைச் சிற்றுண்டிக்கும் இந்தக் குணம் உண்டு: வரிசையாக உட்கார்ந்து கிச்சடி சாப்பிடும்போது எதிர் வரிசையில் ஒரு முகம் பழகிவிடுகிறது.

திங்கட்கிழமை நோய் திரும்பும். இரண்டு நாள் பழைய ஆட்சி நடந்துவிட்டதால் அது இயல்பே, மருந்து தேவையில்லை.

பிள்ளை பள்ளியில் ஊன்றிவிட்டது என்பதற்கு அடையாளம் என்ன? "இன்னிக்கு என்ன படிச்ச?" என்ற கேள்விக்கு விடை கிடைப்பதன்று, அதற்கு எக்காலத்தும் "ஒண்ணுமில்ல" என்பதே விடை. முதல் அடையாளம், வீட்டில் எதைச் சொன்னாலும் "மிஸ் அப்படிச் சொல்லல" என்று மேற்கோள் காட்டி மறுப்பது. அடுத்தது, தலையணைகளை வரிசையாக அடுக்கி, ஸ்கேலால் தட்டி, "கையக் கட்டு, வாய்மேல விரல் வை" என்று பாடம் நடத்துவது. இந்நிலையில் தகப்பனார் கூடத்திலிருந்து குளியலறைப் பக்கம் போக எழுந்தால், சுண்டுவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு உத்தரவு வரும்வரை நிற்பது நல்லது. கேட்காமல் போனவரைத் திரும்ப வந்து முதலிலிருந்து கேட்க வைப்பார்கள்.