கேட்காமல் விழும் கரண்டி

பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பைப் பற்றி வியன்னாவில் ஒரு கதை சொல்வார்கள். மனிதர் மளமளவென்று சாப்பிட்டு முடிப்பாராம். அவர் முடித்ததும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் அத்தனை பேர் தட்டையும் சேவகர்கள் எடுத்துவிடுவார்களாம். கடைசியில் உட்கார்ந்த ராணுவ அதிகாரிகளுக்கு அப்போதுதான் பரிமாறவே ஆரம்பித்திருப்பார்கள். பாவம், காய்ந்த வயிற்றோடு வெளியே வந்து சாகர் ஹோட்டலுக்கு நடையைக் கட்டுவார்களாம்.

இந்தக் கதையை மதுரைக்குக் கொண்டுவந்தவர் வேளச்சேரி மாப்பிள்ளை ஒருவர். கம்பெனி வேலையாக ஆஸ்திரியா போய்த் திரும்பியவர். அங்கே பழைய நகரத்தில் சாப்பிடுவதென்றால் படியிறங்கிப் போக வேண்டும் என்றார். ஒயின் பீப்பாய்களைக் குளிர்ச்சியாக வைக்கத் தோண்டிய நிலவறைகள்தான் இப்போது உணவகங்கள். தலையில் இடிக்கும் வளைவுக் கூரை, மங்கிய வெளிச்சம், தட்டுக்கு வெளியே தொங்கும் ஷ்னிட்செல். கறியைத் தட்டித் தட்டி மெலிதாக்கி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பண்டம் அது. “எவ்ளோ நேரம் உக்காந்தாலும் யாரும் எழுப்ப மாட்டாங்க மச்சான். சால்ஸ்பர்க்ல ஒரு இடம், 803-லயே அதைப் பத்தி எழுதி வெச்சிருக்காங்களாம்!”

மச்சான் வடக்கு மாசி வீதிக்காரர். பழமையில் மதுரையை மிஞ்சி இன்னொரு ஊர் பேசினால் அவருக்குத் தாங்காது. “803 தானா மாப்ள?” என்று கேட்டுவிட்டு மாங்குடி மருதனாரை இறக்கினார். ‘மதுரைக்காஞ்சி’ அதற்குப் பல நூறு வருடம் மூத்தது. பகலில் கூடும் நாளங்காடியும் இரவில் கூடும் அல்லங்காடியும் அதில் வருகின்றன. அடையும் மோதகமும் விற்றவர்கள் சாமத்தில் உட்கார்ந்தபடியே கண்ணயர்வதும் வருகிறது. தூங்கா நகரத்துக்கு இருக்கிற பழைய சாட்சியத்தில் கடைக்காரரே தூங்குகிறாரே என்று மாப்பிள்ளை மடக்கினார்.

“தூங்குனாரு. கடையைச் சாத்துனாருன்னு எங்கயாச்சும் இருக்கா?” என்றார் மச்சான்.

உண்மையில் இரண்டு ஊருக்கும் ஒரு ஜாதகப் பொருத்தம் உண்டு. வியன்னாவின் கோட்டை மதிலை இடிக்கச் சொல்லி 1857-ல் உத்தரவிட்டவர் அதே பிரான்ஸ் ஜோசப். மதில் போன இடத்தில்தான் ரிங்ஸ்ட்ராசே என்ற வட்டச் சாலை வந்தது. மதுரை இந்த வேலையை 1840-களிலேயே முடித்துவிட்டது. கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்துக் கொடுப்பவருக்கு அந்த இடமே கிடைக்கும் என்று கலெக்டர் பிளாக்பர்ன் அறிவித்தார். பிறகென்ன, சும்மா கிடைக்கிற மனைக்கு மண்வெட்டி எடுக்காத ஆள் உண்டா? மதில் போய் வெளி வீதிகள் வந்தன. வேலையைப் பார்த்த சர்வேயர் மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும் ஆளுக்கொரு வீதியாக நிலைத்துவிட்டார்கள். கலெக்டருக்கு நட்ட நினைவுச்சின்னம்தான் விளக்குத்தூண். வியன்னாக்காரர்கள் மதில் போன இடத்தில் ஓபரா அரங்கம் கட்டினார்கள். மதுரைக்காரர்களுக்கு எங்கே காலி இடம் கிடைத்தாலும் அடுப்பு மூட்டத்தான் தோன்றும். தோண்டி வைத்திருந்த அகழியையே தூர்த்த ஊரில் நிலவறை உணவகம் எங்கே தேடுவது? ஆகவே மாப்பிள்ளையை மெஸ்ஸுக்குக் கூட்டிப்போனார்கள்.

மதியம் ஒன்றரை மணி. உட்கார்ந்ததும் மாப்பிள்ளை மெனு கார்டு கேட்டார். சர்வர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். மூச்சை ஒருமுறை இழுத்துக்கொண்டார். “மட்டன் சுக்கா, ஈரல், குடல், மூளை, சுவரொட்டி, ரத்தப் பொரியல், எலும்பு ரோஸ்ட், கோலா உருண்டை, காடை, நாட்டுக்கோழி, விரால், நண்டு, அயிரை. சொல்லுங்கண்ணே.” மாப்பிள்ளையின் மனசு சுவரொட்டியிலேயே நின்றுவிட்டது. அது என்னவென்று கேட்பதற்குள் மேசைமேல் ஒரு பெரிய தட்டு வந்து இறங்கியது. இதுதான் மதுரை மெஸ்ஸின் பிரம்மாஸ்திரம். சொன்ன ஐட்டம் அத்தனையும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் ஆவி பறக்க அடுக்கியிருக்கும். சுக்காவின் மேல் மிளகு தெரியும், கறிவேப்பிலை எண்ணெயில் பளபளக்கும். காதால் கேட்டபோது வேண்டாம் என்று சொல்லிவிடலாம், மூக்குக்கு நேராக வந்தபிறகு சொல்ல முடியாது. சர்வரும் பதிலுக்கு நிற்பதில்லை. கண் எந்தக் கிண்ணத்தில் கொஞ்சம் தங்குகிறதோ அதை எடுத்து இலையோரம் வைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்.

சோற்றைப் போட்டதும் குழம்புகள் அணிவகுக்கின்றன. கறிக்குழம்பு, கோழிக்குழம்பு, மீன் குழம்பு, நண்டுக் குழம்பு. “கொஞ்சமா ஊத்துங்க” என்பது சென்னையில் ஒரு அளவு. மதுரையில் அது பணிவாகச் சொல்கிற சம்மதம்.

இதற்குள் மாப்பிள்ளைக்கு முதுகில் ஏதோ குறுகுறுத்தது. திரும்பினால் நாற்காலிக்குப் பின்னால் ஒரு குடும்பம் நிற்கிறது. அப்பா அவருடைய இலையையே பார்க்கிறார். பையன் நாற்காலியின் முதுகில் கை வைத்துப் பட்டா வாங்கிவிட்டான். பின்னால் நிற்பவருக்கு இவர் சீக்கிரம் எழுந்தாக வேண்டும். முன்னால் நிற்கும் சர்வரோ, ரசமும் மோரும் சாப்பிடாமல் இலையை மடிக்க விடமாட்டார். பேரரசரின் விருந்தில் அதிகாரிகள் பட்ட பாடு இதற்குத் தேவலை. அவர்களுக்குச் சாப்பாடு வராதது மட்டும்தான் பிரச்சினை.

அயிரை மீன் குழம்புக்கு மட்டும் மச்சான் சர்வரைக் கையமர்த்தி நிறுத்தினார். இதை மாப்பிள்ளை விளக்கத்தோடு சாப்பிட வேண்டும் என்பது அவர் கட்சி. சுண்டுவிரல் அளவு மீன். கண்மாய்ச் சேற்றில் வாழ்வதால் வயிறு முழுக்க மண். அதனால் உயிரோடு வாங்கிவந்து பாலில் விட்டு மண்ணைக் கக்க வைப்பார்கள். பிறகு மண்சட்டியில் கல்லுப்புப் போட்டு உரசி உரசிக் கழுவ வேண்டும். தலை, முள் எதையும் நீக்குவதில்லை, முழுசாக வாயில் போட வேண்டியதுதான். இவ்வளவு விளக்கத்துக்குப் பிறகு மாப்பிள்ளை தயக்கமாக ஒரு வாய் வைத்தார். அப்புறம் பேசவில்லை. பின்னால் நின்ற பையன் கையை எடுத்துவிட்டு அடுத்த மேசையை நோட்டம் விட ஆரம்பித்தான்.

சாயங்காலம் செரிமானத்துக்காக ஒரு நடை. மேல மாசி வீதியில் காந்தி தங்கியிருந்த வீட்டை மச்சான் காட்டினார். 1921 செப்டம்பர் 22-ம் தேதி காந்தி மேல்சட்டையைத் துறந்து அரையாடைக்கு மாறியது அங்கேதான். மாப்பிள்ளை பெல்ட்டில் இரண்டு துளை தளர்த்திக்கொண்டு அந்த வீட்டை அண்ணாந்து பார்த்தார். இந்த ஊரில் ஆடையைக் குறைக்கும் முடிவுக்கு அவருக்குத் தெரிந்து அப்போது வேறொரு காரணமும் இருந்தது.

நடை சிம்மக்கல்லில் போய் நின்றது தற்செயல் என்று மச்சான் இன்றுவரை சாதிக்கிறார். அங்கே கோனார் கடையில் கறி தோசை பிரசித்தம். கல்லில் தடிமனாக மாவு, அதன்மேல் முட்டை, அதன்மேல் பொடிக்கறி, அப்புறம் ஒரே திருப்பு. ஷ்னிட்செல்லில் கறிக்குச் சட்டை போடுகிறார்கள். இங்கே கறி மூன்றாவது மாடியில் குடியிருக்கிறது. “ஆளுக்குப் பாதி” என்று மாப்பிள்ளை கெஞ்சினார். பாதி வந்தது. இன்னொரு பாதி அதன் பின்னாலேயே வந்தது. விளக்குத்தூணில் ஜிகர்தண்டா வேறு பாக்கி இருந்தது. சுண்டக் காய்ச்சிய பால், கடல்பாசி, நன்னாரி, மேலே ஐஸ்கிரீம். இதற்கு வயிற்றில் இடம் வேண்டியதில்லை, இருக்கிற இடுக்குகளில் அதுவே இறங்கிக்கொள்ளும் என்பது மச்சானின் விஞ்ஞானம்.

அடுத்த சித்திரையில் மாப்பிள்ளை மறுபடி வந்தார். இந்த முறை உஷாராக, சைவம் மட்டும்தான் என்று போனிலேயே நிபந்தனை போட்டார். மச்சான் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். மீனாட்சி திருக்கல்யாணம் நடக்கும் நேரம் அது. வடக்கு வெளி வீதி சேதுபதி பள்ளியில் ஊருக்கே கல்யாண விருந்து நடக்கும். 1904-ல் பாரதியார் தமிழாசிரியராகச் சில மாதம் வேலை பார்த்த பள்ளி. ஆயிரக்கணக்கில் ஜனம் வரிசையில் நிற்கும், அண்டா அண்டாவாகச் சாம்பார் கொதிக்கும். சாமி கல்யாணமே ஆனாலும் சாப்பிட்டுவிட்டுச் சும்மா போகக்கூடாது, மொய் எழுத வேண்டும். அதற்கு மேசை போட்டு நோட்டோடு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள்.

கூட்டும் பொரியலும் வடையும் பாயசமும் முடிந்து, மாப்பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டே மொய் மேசைக்கு வந்தார். எவ்வளவு எழுதுவது என்பதையாவது தானே முடிவு செய்யலாம் என்று பர்ஸைத் திறந்து, மறைவாக ஒரு நூறு ரூபாய்த் தாளை எடுத்தார். மச்சான் எட்டிப் பார்த்தார்.

“பொண்ணு வீட்டு மாப்ள நீங்க, ஐந்நூத்தி ஒண்ணாப் போட்ருங்க” என்றார். நோட்டுக்காரர் ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார்.