இலை கொத்தப் பழகுதல்

1975இல் சொறிக்கல்முனைப் பொடியன் ஒருவன் மரத்தில் சித்திரம் கொத்தப் பழக வேண்டுமென்றால் முதலில் கிட்டங்கித் தாம்போதியைக் கடக்க வேண்டும். ஓடாவியாரின் பட்டறை அக்கரையில், நற்பிட்டிமுனையில் இருந்தது. கோடையில் சைக்கிளுக்கு அது ஒரு தூரமே இல்லை. மாரியில் வெள்ளம் தாம்போதிக்கு மேலால் பாயத் தொடங்கினால் அதே பட்டறை வெளிநாடாகிவிடும். இன்று என் மருமகன் எதையும் கடக்கவில்லை. கட்டிலில் சாய்ந்தபடி போனைத் தட்டினான். சில நாட்களில் வாசலுக்கு ஒரு பெட்டி வந்தது.

பெட்டிக்குள் வரிசையாகப் பன்னிரண்டு உளிகள், தீட்டுவதற்கு ஒரு தோல்பட்டை, அதில் பூசப் பச்சை மெழுகு, கத்தி அறுக்காத கையுறை, சவர்க்காரக் கட்டி அளவில் வெளிநாட்டு மரத்துண்டுகள். எங்கள் காலத்தில் ஓடாவியாரிடமே பன்னிரண்டு உளி இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை. அது இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். நல்ல உருக்கு வேண்டுமென்றால் தேய்ந்த அரத்தையோ லொறியின் வில்லுத்தகட்டையோ கொல்லரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அவர் மனம் வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். பிடிக்குக் கொய்யாக் கொம்பு. கையுறைக்குப் பதில் கோப்பித்தூள் இருந்தது. காயம் பட்ட பிறகு அப்புவதற்கு.

நான் நினைத்துக்கொண்டு போனது சித்திரம் கொத்த. எனக்குக் கிடைத்தது சாணைக்கல். கல்லில் தண்ணீர் தெளித்து, உளியின் சரிவு முழுவதும் படியும்படி வைத்து, கோணம் மாறாமல் தேய்க்க வேண்டும். கை ஆடினால் சரிவு உருண்டுவிடும். உருண்ட சரிவு மரத்துக்குள் இறங்காமல் வழுக்கிக்கொண்டு ஓடும்.

“இனிக் கொத்தட்டா?” என்று கேட்டால் ஓடாவியார் நிமிராமலே சொல்லுவார்: “அவதிப்படாத மனே.”

கூர் பார்ப்பதற்கு அவர் வைத்திருந்தது வேலியில் நின்ற முள்முருக்கு. அவ்வளவு மெதுவான மரத்தை எதற்குத் தருகிறார், என்னைச் சின்னப்பிள்ளை என்று எண்ணிவிட்டாரா என்று எனக்கு உள்ளூரக் கோபம். முதிரையும் பாலையும் மழுங்கிய உளியை ஏற்காது, அவ்வளவுதான். முருக்கு அப்படியல்ல. அது உளியை உள்ளே விட்டுவிட்டு, நசுங்கி, நார் நாராகப் பிய்ந்து, பிடித்தவனின் சோம்பலை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். நாருக்குக் குறுக்காகச் சீவினாலும் வெட்டுமுகம் பளபளக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கொட்டாப்புளி கைக்கு வரும்.

அதற்குப் பிறகும் மரம் வராது, மரத்தூள் வரும். தூளை நிலத்தில் பரப்பி விரலால் வளைவு போடச் சொல்லுவார். ஒரு பக்கம் வளைந்து, மறுபக்கம் கிறுகி, சுருண்டு முடிகிற ஒரே கோடு. அதிலிருந்துதான் கொடி, கொடியிலிருந்து இலை. இது ஓடாவியாரின் சொந்தக் கொடுமை என்றே வெகுகாலம் நம்பியிருந்தேன். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலைப் பின்னாளில் புரட்டியபோது, கண்டிப் பக்கத்துக் கைவினைஞர் வீட்டுப் பிள்ளைகளும் இப்படி இரட்டை வளைவு வரைந்துதான் தொடங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அக்கொடுமை தீவு முழுவதற்கும் பொது.

எனக்கு இலை வேண்டியிருக்கவில்லை. எங்கள் கோயில் திருச்சிலுவைக்கு உரியது. செப்டெம்பர் 14 திருவிழாவுக்குள் பாடுபட்ட சுரூபம் ஒன்றைக் கொத்திக் கொண்டுபோய் வைத்து, ஊரை வாய்பிளக்கச் செய்வது என் திட்டம். ஓடாவியார் பொறுமையாகக் கேட்டார். “உருவம் நான் கொத்திறல்ல மனே. சிலுவை வேணுமெண்டா சொல்லித்தாறன்.” இரண்டு சட்டத்திலும் பாதிப் பாதி ஆழம் எடுத்து, ஆணியில்லாமல் ஒன்றுக்குள் ஒன்று இறுக்கும் அரைப் பொருத்து அது. ஒரு மயிரிழை கூடினால் ஆடும், குறைந்தால் பிளக்கும். ஆண்டவர் இல்லாத சிலுவையைக் கண்டு அம்மா முகம் சுளித்தாலும், பொருத்தை நகத்தால் தடவிப் பார்த்த அப்பு “ஆர் செய்தது?” என்று கேட்டார்.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பட்டறைக்கு வந்தவர்களில் பலர் சாணைக்கல்லோடு நின்றுவிட்டார்கள். 1977க்குப் பிறகு மத்திய கிழக்குக்குக் கதவு திறந்ததும் மிச்சப்பேரும் கொட்டாப்புளியை வைத்துவிட்டு விமானம் ஏறினார்கள். 1985, 1990 இன வன்செயல்களுக்குப் பிறகு தாம்போதியைக் கடக்க மழை மட்டுமே தடையாக இருக்கவில்லை.

மருமகனின் ஆசான் ஓர் அமெரிக்கத் தாத்தா. யூடியூபில் வருகிறார். ஏசுவதே இல்லை, சலித்தால் நிறுத்தி வைக்கலாம், இரட்டை வேகத்திலும் ஓட விடலாம். முதல் காணொளியிலேயே குருவி. பெட்டியில் வந்த மரத்துண்டு பாஸ்வுட். ஐரோப்பாவில் இதன் இனத்து மரத்தில்தான் 1531இல் இறந்த ஜெர்மானியச் சிற்பி ரீமன்ஷ்னைடர் புனிதர்களின் அங்கி மடிப்புகளைக் கொத்தினார். நார் ஒரே சீராக ஓடுவதால் பழகுகிறவனுக்கு நல்ல மரம். அம்பாறையிலிருந்து ஒரு முதிரைப் பலகை கொண்டுவர அனுமதிப்பத்திரம் வேண்டும். நம் வளவுப் பலாவைத் தறிக்கக்கூட 1951ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நிற்கிறது. கடல் கடந்து வரும் மரம்தான் சுலபம்.

குருவியின் வாலடி பிய்ந்து நின்றபோது என்னிடம் வந்தான்.

“மாமா, இந்த மரம் பிழை.”

உளியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கூரான விளிம்பில் வெளிச்சம் தங்காது. இதில் வெள்ளைக் கோடு தங்கி நின்றது.

“பெட்டியில ‘ரெடி’ எண்டுதானே போட்டிருக்கு?”

தோல்பட்டையைக் கையில் கொடுத்தேன். என் வாயிலிருந்து “அவதிப்படாத” என்று வந்ததை நானே கேட்டேன். அவன் சிரித்தான். பொறாமையோடு ஒப்புக்கொள்கிறேன்: வால் சரியான பிறகு அந்தக் குருவி நன்றாகவே இருந்தது. அவன் வயதில் என் கையில் அரை இலைதான் இருந்தது.

கல்முனைப் பக்கத்துத் தளபாடக் கடைக்காரர் ஒருவர் போன மாதம் என்னைத் தேடி வந்தார். அவர் கடையில் கணினியால் ஓடும் மெஷின் கதவில் கொடி கொத்துகிறது. ஓடாவியாருக்கு ஒரு மாத வேலை, அதற்கு ஒரு பகல். எல்லாருக்கும் ஒரே வரைபடம் என்பதால் தெருவுக்குத் தெரு ஒரே கொடி, ஒரே இடத்தில் ஒரே இலை. லண்டனில் இருந்து வீடு கட்டுகிறவர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். கைவேலை மாதிரித் தெரிய வேண்டுமாம்.

“சேர், நீங்க கையால கீறித் தாங்க. மெஷினுக்கு நாங்க ஏத்துறம். இலையெல்லாம் ஒரே அளவா வந்திரப்படா. கொஞ்சம் பிசகு வேணும்.”

இலை பிசகியதற்காக முழங்கையில் கொட்டாப்புளியால் தட்டு வாங்கியவன் நான். எவ்வளவு பிசகு வேண்டும் என்று கேட்டேன்.

“ரெண்டு மில்லிமீட்டர் போதும் சேர். அதுக்குக் கூடினா கஸ்டமர் குறை சொல்லுவாங்க.”