கப்பல் திரும்பும், பயணி திரும்புவாரா?

பெறுநர்: மாட்சிமை பொருந்திய விசா அலுவலகம், சென்னை.

பொருள்: காலையில் ஒரு நாட்டின் துறைமுகத்துக்கு வந்து மாலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும் கப்பலில் வரும் ராஜபாளையத்து முதிய தம்பதியர் இருவர் அந்நாட்டை விட்டுக் கிளம்புவார்களா என்று எழுந்த ஐயம்.

நெடுங்கடல் பயணத்துக்கு ஆவணம் சேர்க்கும் வேலை பெயரில் தொடங்குகிறது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். ராஜபாளையத்துப் பெயர்கள் இந்த இரண்டு கட்டங்களை நினைத்து வைக்கப்பட்டவை அல்ல. 1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த பூ. ச. குமாரசுவாமி ராஜா இவ்வூர்க்காரர். பூசபாடி, சஞ்சீவி, குமாரசுவாமி, ராஜா என்ற நான்கையும் இரண்டு கட்டத்தில் அடைக்கச் சொன்னால், மாகாணத்தை ஆண்டவரும் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்களின் நிலை இன்னும் வளமானது. பள்ளிச் சான்றிதழில் தந்தையின் இனிஷியல், ரேஷன் அட்டையில் கணவரின் இனிஷியல், ஆதாரில் இனிஷியலே இல்லை. குடும்பப் பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டுத் தப்பிக்கவும் வழியில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்குக் கதவைச் சாத்தியது. கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு சற்றே திறந்தது.

ராஜபாளையத்தில் இந்தப் பெயர்த் தொல்லை அறவே இல்லாத குடிமகன் ஒருவன் உண்டு: ராஜபாளையம் நாய். வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு, 2005இல் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட தபால்தலையில் படம். கென்னல் கிளப் ஆஃப் இந்தியா தரும் வம்சாவளிச் சான்றிதழில் தந்தை, பாட்டன், முப்பாட்டன் பெயர்கள் எழுத்துப்பிழை இல்லாமல் அச்சாகியிருக்கும். எசமானரின் பாட்டனார் பிறந்த தேதி அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

பெயர் முடிந்தால் கடவுச்சீட்டு. நீண்ட பயணத்துக்கு 36 பக்கம் போதாது; 2,000 ரூபாய் கட்டி 60 பக்கச் சீட்டு வாங்குவதே முறை. ஒரே விசாவில் சுற்றவிடும் ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு அது கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், வெளியேறும் நாளுக்குப் பின் மூன்று மாதம் செல்லத்தக்கதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடும் இருக்க வேண்டும். படத்துக்கும் நாட்டுக்கு நாடு அளவு வேறு. அமெரிக்காவுக்கு 51க்கு 51 மில்லிமீட்டர், ஷெங்கனுக்கு 35க்கு 45, சீனாவுக்கு 33க்கு 48. சிரிக்கக் கூடாது, நெற்றியில் முடி விழக் கூடாது, கண்ணாடி மினுங்கக் கூடாது. ஸ்டுடியோக்காரர் மூன்று முறை எடுத்தும் முகம் தேறவில்லை. தபால்தலைக்கு நின்றவனை இவ்வளவு பாடு படுத்தியிருக்க மாட்டார்கள்.

அடுத்தது பயணத் திட்டம். 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கிய பிறகு, கிழக்கிலிருந்து ஐரோப்பா செல்லும் உல்லாசக் கப்பல்கள் பலவும் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போகின்றன. சிங்கப்பூரில் ஏறினால் கொழும்பு, மொரீஷியஸ், கேப் டவுன், கானாவின் தெமா, கேனரித் தீவுகள், காசாபிளாங்கா, லிஸ்பன், பார்சிலோனா, பிரேயஸ், இஸ்தான்புல், மீண்டும் பிரேயஸ் என்று மாதக்கணக்கில் நீளும் வழி. கேனரித் தீவுகள் ஸ்பெயினைச் சேர்ந்தவை, ஆகவே ஷெங்கன். காசாபிளாங்கா மொரோக்கோ, ஆகவே ஷெங்கன் இல்லை. லிஸ்பனில் மறுபடி ஷெங்கன். இஸ்தான்புல்லில் மறுபடி இல்லை. பிரேயஸுக்குத் திரும்பினால் மறுபடி ஷெங்கன். அறையில் படுத்துத் தூங்கும் பயணி அறியாமலே மூன்று முறை ஐரோப்பாவுக்குள் நுழைந்து மூன்று முறை வெளியேறுகிறார். இதற்குப் பலமுறை நுழைவு விசா வேண்டும்.

விண்ணப்பத்தை எந்த நாட்டிடம் கொடுப்பது என்பதற்குத் தெளிவான விதி உண்டு: அதிக நாள் தங்கும் நாடு, நாள் சமமானால் முதலில் நுழையும் நாடு. கப்பல் பயணி எந்த நாட்டிலும் தங்குவதில்லை. இரவில் நடுக்கடலில் இருக்கிறார். நடுக்கடலுக்குத் துணைத் தூதரகம் கிடையாது. இந்தச் சிறு குறையை அலுவலகத்தின் பேரறிவு எப்படியோ நிரவிக்கொள்கிறது.

காலக் கணக்கு இதைவிடச் சுவையானது. ஷெங்கன் எல்லையில் நுழையும் நாளுக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்க முடியாது. பதினைந்து நாளுக்குள் வந்தால் ஏற்க மாட்டார்கள். துருக்கியின் மின் விசாவை இந்தியர் பெறக் கையில் செல்லத்தக்க ஷெங்கன், அமெரிக்க விசா போன்ற ஒன்று இருக்க வேண்டும், ஆகவே முதலில் ஷெங்கன். கடவுச்சீட்டோ ஒன்றே ஒன்று. தென்னாப்பிரிக்கத் தூதரகத்தில் அது உறங்கும்போது ஷெங்கன் அலுவலகத்துக்கு அதே சீட்டு அசலாக வேண்டும். கப்பல் நிறுவனமோ முழுப் பணத்தையும் மாதங்களுக்கு முன்பே கேட்கிறது. விசா இல்லாமல் பணம் கட்டுவது மடமை, பணம் கட்டாமல் விசா கேட்பது அயோக்கியத்தனம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றிக் குறை சொல்ல அதிகம் இல்லை. கானா எல்லாப் பயணிகளிடமும் அந்தச் சான்றைக் கேட்கிறது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். பத்து நாள் கழித்துச் செல்லத்தக்கதாகும். 2016 ஜூலை முதல் ஆயுளுக்கும் ஒரே ஊசி. ஷெங்கன் விசாவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும், குறைந்தது 30,000 யூரோவுக்கு.

வரியும் உண்டு. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்புக்கு 2023 அக்டோபர் முதல் ஏழு லட்சம் வரை 5 விழுக்காடு, அதற்கு மேல் 20 விழுக்காடு முன்கூட்டியே பிடிக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் அந்த வரம்பு பத்து லட்சமானது. கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம், திரும்பி வந்தால்.

திரும்பி வருவதுதான் இங்கே தலையாய பொருள். அதற்கான சான்றுகள் வருமாறு திரட்டப்பட்டன: மூன்றாண்டு வருமான வரிக் கணக்கு, வங்கி முத்திரையிட்ட ஆறு மாதக் கணக்கு, வீட்டுப் பத்திரம், மலையடிவார மாந்தோப்பின் பட்டா, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறி ஓட்டும் மகனின் உறுதிமொழி. விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதால் நோட்டரிகளுக்குப் பஞ்சமில்லை. திருமணச் சான்று மட்டும் இடித்தது. தமிழ்நாட்டில் திருமணப் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009இல் வந்தது. இவர்களின் திருமணம் அதற்குப் பல பத்தாண்டு முந்தையது. சாட்சிகளில் பாதிப்பேர் உயிரோடு இல்லை. கென்னல் கிளப்பில் பதிந்திருந்தால் ஜோடி சேர்ந்த தேதியும் கிடைத்திருக்கும்.

பொதிகை எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் உட்கார்ந்து சென்னை போய், விரல்ரேகை வைத்தார்கள். தறியில் தேய்ந்த விரல்களைக் கருவி ஏற்கவில்லை. ஈரத்துணியால் துடைத்து மறுபடி, மறுபடி. வரிசையில் நின்ற இளைஞர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் வாரம் மறுப்பு வந்தது. எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் படிவம் ஒன்றே. காரணங்கள் அச்சிட்டிருக்கும், பொருந்துவதில் ஒரு குறி. விசாக் காலம் முடியுமுன் வெளியேறும் எண்ணம் பற்றி நியாயமான ஐயம் உண்டு என்ற கட்டத்தில் குறி விழுந்திருந்தது. பயணிகளின் எண்ணம் எதுவானாலும் கப்பல் ஐந்து மணிக்கு நங்கூரம் எடுக்கிறது. கரையில் தங்கிவிட நினைத்தால் முழுப் பணம் கட்டிய அறையையும், மூன்று வேளைச் சாப்பாட்டையும், சர்க்கரை மாத்திரைப் பையையும் விட்டுவிட்டு, மொழி தெரியாத துறைமுகத்தில் எழுபது வயதில் ஓடி ஒளிய வேண்டும்.

2024இல் இந்தியர்கள் தந்த ஷெங்கன் விண்ணப்பங்கள் 11 லட்சத்துக்கு மேல். மறுக்கப்பட்டவை ஒன்றரை லட்சத்துக்கு மேல். கட்டணம் அந்த ஆண்டு ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 ஆனது, மறுத்தாலும் திரும்பாது. இல்லை என்று சொன்னதற்கே நூறு கோடி ரூபாய்க்கு மேல் வசூல். இது பரிசீலனை அல்ல. வாழ்நாளெல்லாம் உழைத்து, வரி கட்டி, யாரிடமும் கைநீட்டாமல் இருந்த இரண்டு பேரைத் திருட்டுக் குடியேறிகள் என்று எழுத்தில் சொல்லி, அதற்குக் கூலியும் வாங்கிக்கொள்வது. கேட்க யார் இருக்கிறார்கள் என்ற துணிவு.

அலுவலகத்தின் பொன்னான நேரம் கருதி, விவரணை பணிவுடன் தொடர்கிறது. ஒப்பீட்டுக்காக: இந்தியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாயைக் கொண்டுபோக நுண்சில்லு, வெறிநாய்த் தடுப்பூசி, முப்பது நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, அதன்பின் மூன்று மாதக் காத்திருப்பு, உடல்நலச் சான்று ஆகியவை வேண்டும். கடினமான விதிகளே. ஆனால் வங்கிக் கணக்கு கேட்பதில்லை, தோப்புப் பட்டா கேட்பதில்லை, ஊருக்குத் திரும்பும் எண்ணம் உண்டா என்று எவரும் அதனிடம் வினவியதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரின் பெருமையான பால்கோவாவுக்கு இந்தச் சலுகை இல்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்று, பிறந்த ஊரைச் சட்டப்படி நிரூபித்திருந்தும், பால் பொருள் என்பதால் ஒன்றியத்துக்குள் பயணியின் பையில் நுழைய அதற்கு அனுமதி கிடையாது.

மறுப்புக்குப் பின் இரண்டு வழிகள். மேல்முறையீடு அந்தந்த நாட்டுச் சட்டப்படி நடக்கும். ஜெர்மனி தன் தூதரகங்களில் இருந்த இலவச மறுபரிசீலனையை 2025 ஜூலையில் நிறுத்திவிட்டது. மற்றது, புதுக் கட்டணத்துடன் புது விண்ணப்பம். கப்பல் அதற்காகக் காத்திருப்பதில்லை. புறப்பாடு நெருங்க நெருங்க ரத்துக் கட்டணம் ஏறி, கடைசி வாரங்களில் முழுத்தொகையும் போய்விடும். பிரிட்டன் விண்ணப்பத்தில், எந்த நாடாவது இதற்கு முன் விசா மறுத்ததுண்டா என்ற கேள்வி இருக்கிறது. இனி அதற்கு ‘ஆம்’ என்று எழுதி, காரணமும் எழுத வேண்டும். அலுவலகம் கருணை கூர்ந்து அந்தக் காரணத்தை ஒரு வரியில் சொல்லித் தந்தால், ராஜபாளையத்தில் அதை அப்படியே பார்த்து எழுதிக்கொள்வார்கள்.